மாடியை வாடகைக்கு விட்டுக் கீழே குடியிருக்கலாமா? ஜெர்சி சிட்டி டூ ஃபேமிலியும் எடிசன் தனி வீடும்

வீடு பார்க்கப் போனால் வாசலில் நின்று நான் முதலில் எண்ணுவது காலிங் பெல்லைத்தான். நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஜெர்சி சிட்டியின் ஹைட்ஸ் பகுதியில் நாங்கள் பார்த்த மூன்றாவது வீடு விளம்பரத்தில் டூ ஃபேமிலி, அதாவது இரண்டு குடும்பங்கள் தனித்தனியே இருக்கக்கூடிய வீடு. வாசலில் மூன்று பெல் இருந்தன, மூன்றாவதன் கீழே பேனாவால் எழுதிய பெயர் பாதி அழிந்திருந்தது. பேஸ்மென்டுக்கு இறங்கினோம். பாய்லருக்குப் பின்னால் ஒரு பிளைவுட் கதவு, அதற்குள் ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, கை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். சுவரில் மின்சார மீட்டர் இரண்டுதான். கூட வந்த ஏஜென்ட், "இதிலிருந்து மாதம் 1,000 டாலர் தனியாக வரும்" என்றார், பெரிய சலுகை போல.

அது சலுகை இல்லை. நியூ ஜெர்சியில் அனுமதி இல்லாத போர்ஷனில் ஆள் வைத்து, நகராட்சி வந்து காலி செய்யச் சொன்னால், குடியிருந்தவருக்கு ஆறு மாத வாடகைக்குச் சமமான தொகையை வீட்டு உரிமையாளர் கொடுக்க வேண்டும். பணத்தை விடுங்கள். 2021 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு ஐடா புயலின் மழையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் பேஸ்மென்ட் வீடுகளில் இருந்தவர்கள் வெளியே வர வழியில்லாமல் இறந்துபோனார்கள். அந்தச் சிறிய ஜன்னலைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. "வளர்ந்துவரும் ஏரியாவில் டூ ஃபேமிலி வாங்கி ஒன்றில் இருந்துகொண்டு இன்னொன்றை வாடகைக்கு விடலாமா, இல்லை எடிசன் போன்ற புறநகரில் தனி வீடு வாங்கலாமா?" என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் பேச்சு வட்டி, வரி, பள்ளிக்கூடம் என்று சுற்றும். ஆனால் முடிவு நிற்பது ஒரே இடத்தில். விற்பவர் காட்டும் வாடகையில் எவ்வளவு இன்றைக்கே கைக்கு வருகிறது, எவ்வளவு "வரும்" என்று சொல்லப்படுவது? இதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த ஒப்பீடும் சரியாக வராது.

நம்மவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனம் என்று வளர்ந்தவர்கள்தான் பலரும். நியூ ஜெர்சியில் அதுவே டூ ஃபேமிலி, த்ரீ ஃபேமிலி. நியூவர்க், ஜெர்சி சிட்டி, பேயோன் எங்கும் தெருத் தெருவாக நிற்கின்றன. மனையின் நீளம் முழுக்க ஓடும், அகலம் குறைந்த அந்தப் பெட்டி வீடுகளுக்கு "பேயோன் பாக்ஸ்" என்றே பெயர். நான்கு குடும்பம் வரை வீட்டுக் கடன் விதிகளில் அது சாதாரண வீடு. ஐந்து ஆகிவிட்டால் வணிகக் கட்டடம், கடனும் வேறு வகை. அதனால் பேச்சு நான்குக்குள்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே உள்ள விலைகளும் வாடகைகளும் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டின் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் டவுன்பேமென்ட், 30 வருடம், 6.5 சதவீத வட்டி.

டூ ஃபேமிலி 8 லட்சம் டாலர் என்று வைப்போம். 40,000 கையிலிருந்து போனால் கடன் 7.6 லட்சம். அசலும் வட்டியும் மாதம் 4,804. சொத்து வரி 1,100, இன்ஷூரன்ஸ் 250, டவுன்பேமென்ட் குறைவு என்பதால் கட்டும் மார்ட்கேஜ் இன்ஷூரன்ஸ் 350. மொத்தம் 6,504. மாடி வாடகை 2,800 என்றால் அதில் முக்கால் பங்கை, அதாவது 2,100ஐ மட்டும் கணக்கில் எடுங்கள். கடன் கொடுப்பவர்களும் அப்படித்தான் எடுப்பார்கள்; காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கும் ரிப்பேருக்கும் மீதிக் கால் பங்கு போய்விடும். உங்கள் பையிலிருந்து போவது 4,404.

த்ரீ ஃபேமிலி 9.5 லட்சம். டவுன்பேமென்ட் 47,500. மாதத் தவணை, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 7,774 வரும். இரண்டு போர்ஷன் தலா 2,600க்குப் போனால் 5,200, அதில் முக்கால் 3,900. உங்கள் பங்கு 3,874.

எடிசனில் ஒரு சிறிய தனி வீடு 6.5 லட்சம். டவுன்பேமென்ட் 32,500. எல்லாம் சேர்த்து மாதம் 5,363. வாடகை வரவு கிடையாது.

இவ்வளவோடு நிறுத்தினால் த்ரீ ஃபேமிலி முதலிடம், டூ ஃபேமிலி அடுத்து, எடிசன் கடைசி. பலரும் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். "வாடகைக்காரர் உங்கள் கடனைக் கட்டுவார்" என்று யாராவது சொன்னால் இந்த மூன்று தொகைகளையும் இன்னொரு முறை பாருங்கள். 6,504இல் 2,100 வருகிறது, அவ்வளவுதான். மாடி காலியாக இருக்கும் மாதத்தில் முழு 6,504உம் நம் தலையில். வாடகை ஒரு கைத்தாங்கல், அதற்கு மேல் இல்லை.

எங்கள் கதையைச் சொல்கிறேன். கடைசியில் நாங்கள் வாங்கிய வீடும் ஹைட்ஸில்தான். குன்றின் மேல் இருக்கும் பகுதி அது. கீழே ஹோபோக்கன் எல்லையில் 9வது தெரு லைட் ரயில் நிலையத்தில் இறங்கினால் லிஃப்ட் மேலே கொண்டுவந்து விடும். வீட்டின் மாடியில் வயதான ஒரு தம்பதி. பல வருடங்களாக அங்கேயே இருக்கிறார்கள், வாடகை 1,650. விற்பவர் கொடுத்த தாளில் மாடிக்கு நேரே "மார்க்கெட் வாடகை 2,800" என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் மாதம் 1,150 டாலர் வித்தியாசம்.

மேலே போட்ட டூ ஃபேமிலி கணக்கில் 2,800ஐ எடுத்துவிட்டு 1,650ஐ வைத்துப் பாருங்கள். அதில் முக்கால் 1,238. உங்கள் பங்கு 4,404இலிருந்து 5,266 ஆகிவிடும். எடிசன் தனி வீட்டுக்கும் இதற்கும் இடையே மாதம் 97 டாலர்தான். டூ ஃபேமிலியின் லாபம் என்று நாம் நினைத்தது முழுக்க அந்த இரண்டு பேரை வெளியே அனுப்புவதில் இருக்கிறது.

அனுப்ப முடியுமா? சட்டப்படி முடியும். நியூ ஜெர்சியின் குடியிருப்போர் வெளியேற்றத் தடைச் சட்டம் வலுவானது. தகுந்த காரணம் இல்லாமல் யாரையும் காலி செய்யச் சொல்ல முடியாது. ஆனால் உரிமையாளரே குடியிருந்து, வாடகைக்கு விடும் போர்ஷன்கள் இரண்டுக்கு மிகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, தேவைப்பட்டால் நீதிமன்றம் வழியாக, காரணம் காட்டாமலே காலி செய்யச் சொல்லலாம். பூட்டை மாற்றுவது, தண்ணீரை நிறுத்துவது போன்றவை எந்த வீட்டிலும் குற்றம்.

இந்த அதிகாரம் கையில் வரும் என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் பேசினோம். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிவரும் அந்த அம்மாவைப் பார்த்த பிறகு, அவர்களை அனுப்பிவிட்டுப் பெயின்ட் அடித்து 2,800க்கு விடும் வீட்டில் எங்களால் நிம்மதியாக இருக்க முடியாது என்று தோன்றியது. அதனால் 1,650ஐ வைத்தே விலை சொன்னோம். விற்பவர் முதலில் மறுத்தார். ஐந்து வாரம் கழித்துக் கூப்பிட்டார். நாங்கள் சொன்ன விலையை விடக் கொஞ்சம் ஏற்றி முடித்தோம். வாடகையை வருடத்துக்கு ஒருமுறை சிறிதாக, முன்கூட்டியே பேசி ஏற்றுகிறோம். எல்லோரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரையோ வெளியேற்றினால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் ஒரு வீட்டை வாங்காதீர்கள். அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் ஆபத்து. வழக்கு ஆறு மாதம் இழுத்தால் அந்த ஆறு மாதத் தவணையை யார் கட்டுவது?

குடித்தனத்தோடு வாங்கும் வீட்டில் இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவரே கையெழுத்திட்ட எஸ்டாப்பல் கடிதம். வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, ஒப்பந்தம் எதுவரை, பழைய உரிமையாளர் என்னென்ன செய்து தருவதாகச் சொன்னார் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். எங்களுக்கு வந்த கடிதத்தில், குளியலறைத் தரையை மாற்றித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தது தெரியவந்தது. அந்தச் செலவை விலையில் கழித்தோம். டெபாசிட் தொகை க்ளோசிங் அன்று, அதாவது வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளில், உங்கள் கணக்குக்கு மாற வேண்டும். நியூ ஜெர்சியில் பொதுவாக அது ஒன்றரை மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது.

இரண்டா மூன்றா என்பதில்

கடன் விதிகள் 2023 நவம்பரில் பெரிதாக மாறின. அதற்கு முன், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, குடியிருக்க வாங்கும் டூ ஃபேமிலிக்கு 15 சதவீதமும், மூன்று நான்கு குடும்ப வீடுகளுக்கு 25 சதவீதமும் டவுன்பேமென்ட் வேண்டியிருந்தது. இப்போது நான்கு வரை எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் போதும். அறுபது நாளுக்குள் குடிபுகுந்து ஒரு வருடமாவது அங்கேயே இருக்க வேண்டும். வேறு வீட்டில் இருந்துகொண்டு "இங்கேதான் இருப்பேன்" என்று கையெழுத்துப் போடுவது மோசடிக் குற்றம். ஊரில் இதைச் சாதாரணமாகச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், காது கொடுக்காதீர்கள்.

5 சதவீதம் என்றதும் 40,000 இருந்தால் போதும் என்று தோன்றும். போதாது. குடியிருக்க வாங்கும் பல குடும்ப வீட்டுக்கு, க்ளோசிங் முடிந்த பிறகும் ஆறு மாதத் தவணை கையிருப்பாக இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். மேலே சொன்ன டூ ஃபேமிலிக்கு அது 39,000. 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பையும் இதில் காட்டலாம் என்பது ஒரு வசதி. க்ளோசிங் செலவையும் சேர்த்தால் 1 லட்சத்தை ஒட்டி இருந்தால்தான் மூச்சுவிட முடியும்.

இன்னொரு வழி, கூட்டாட்சி அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ கடன். 3.5 சதவீதம் டவுன்பேமென்ட், கிரெடிட் ஸ்கோர் 580 இருந்தால் போதும். ஆனால் 2025 மே 25 முதல் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கு இந்தக் கதவு மூடிவிட்டது. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இப்போது வழி ஃபேனி மே போன்ற வழக்கமான கடன்கள்தான். கிரீன் கார்டு உள்ளவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஃப்எச்ஏவில் மூன்று நான்கு குடும்ப வீடு என்றால், வீடு தன் செலவைத் தானே தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் இருக்கப்போகும் போர்ஷனையும் சேர்த்து மூன்றுக்கும் மார்க்கெட் வாடகை போட்டு, குறைந்தது கால் பங்கைக் கழித்து வருவது மாதத் தவணைக்குக் குறையக் கூடாது. நம் கணக்கில் 2,600 வீதம் மூன்று போர்ஷன் 7,800. கால் பங்கு போனால் 5,850. தவணையோ 7,700ஐத் தாண்டுகிறது. தேறாது. ஜெர்சி சிட்டி அடங்கிய ஹட்சன் கவுன்ட்டி போன்ற விலை ஏறிய இடங்களில் எஃப்எச்ஏவில் த்ரீ ஃபேமிலி வாங்க முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். டூ ஃபேமிலிக்கு இந்தச் சோதனை இல்லை.

மூன்று போர்ஷன் ஆனவுடன் மாநிலத்தின் பல குடியிருப்புக் கட்டடச் சட்டமும் உள்ளே வந்துவிடும். பதிவு செய்ய வேண்டும், குறிப்பிட்ட கால இடைவெளியில் இன்ஸ்பெக்டர் வருவார், அவர் எழுதிக் கொடுப்பதைச் சரிசெய்ய வேண்டும். டூ ஃபேமிலிக்கு அது கிடையாது. நான்கு ஆகிவிட்டால் வாடகைக்கு விடுவது மூன்று போர்ஷன், அதனால் நீங்கள் அங்கேயே குடியிருந்தாலும் வெளியேற்றத் தடைச் சட்டம் முழுதாகப் பொருந்தும்.

மாதம் 530 டாலர் குறைவு என்பதற்காக த்ரீ ஃபேமிலிக்குப் போகலாமா என்று கேட்டால், இரண்டு பேரும் முழுநேர வேலை பார்க்கிற, கையில் சின்னக் குழந்தை இருக்கிற குடும்பத்துக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூன்று சமையலறை, மூன்று குளியலறை, ஒரே கழிவுநீர்க் குழாய். ஜனவரியில் ஹீட்டிங் நின்றால் மூன்று வீட்டிலிருந்தும் போன் வரும். வீட்டில் ஒருவராவது ரெஞ்சும் ஸ்க்ரூடிரைவரும் பிடிக்கத் தயங்காதவராக இருந்து, ஆறு மாதக் கையிருப்புக்கு மேலும் பணம் இருந்தால் அது வேறு விஷயம். அப்படிப்பட்டவர்களுக்கு த்ரீ ஃபேமிலி நன்றாக அமைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஏரியா வளர்கிறது என்றால் என்ன

ஜெர்சி சிட்டியின் ஜர்னல் ஸ்கொயரில் பாத் ரயில் ஏறினால் மன்ஹாட்டன் பக்கத்தில்தான், ரயில் இரவு முழுக்க ஓடுகிறது. இது இன்றைக்கே இருக்கும் விஷயம், இதற்குக் காசு கொடுக்கலாம். இனிமேல் வரப்போவதாகச் சொல்லப்படுவது வேறு. 2021இல் பாரிஸின் பாம்பிடூ அருங்காட்சியகத்தின் கிளை ஜர்னல் ஸ்கொயருக்கு வருகிறது என்று அறிவித்தார்கள். வீடு விற்பவர்கள் பேச்சில் அது உடனே ஏறிக்கொண்டது. 2024இல் மாநில அரசு நிதி ஆதரவை விலக்கிக்கொண்டது. அருங்காட்சியகத்தை நம்பிக் கூடுதலாகக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பணத்தை யார் திருப்பித் தருவார்கள்?

விலை ஏறுவதிலும் நமக்கு ஒரு கணக்கு வந்து சேரும். ஜெர்சி சிட்டியில் 1988க்குப் பிறகு முப்பது வருடம் சொத்து மதிப்பைத் திருத்தவே இல்லை. 2018இல் திருத்தியபோது, அதற்குள் விலை பல மடங்கு ஏறிவிட்ட டவுன்டவுன் பகுதியில் பலருக்கு வரி எகிறியது. விலை அவ்வளவாக ஏறாத பகுதிகளில் குறைந்தவர்களும் உண்டு. அதே வருடம் மாநிலப் பள்ளி உதவித் தொகையைப் பிரிக்கும் முறை மாறியதில் நகரப் பள்ளிகளுக்கு வந்த பணம் குறையத் தொடங்கி, பள்ளி வரி ஏறியது. ஆக, ஏரியா வளர்ந்தால் வீட்டு மதிப்பு தாளில் ஏறும், வரி கையிலிருந்து போகும். வீட்டை விற்கும் நாள் வரை இரண்டாவதுதான் நிஜம். சொத்து வரியில் மாதம் 200 கூடினால் தாங்குமா என்று இப்போதே பாருங்கள்.

புதிதாக எழும் உயரமான கட்டடங்களைக் காட்டி "பாருங்கள், எப்படி வளர்கிறது" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கட்டடங்களில் இருக்கும் வீடுகளும் வாடகைக்குத்தான். ஒரு மாதம் இலவசம் என்று அவர்கள் அறிவிக்கும் நாளில், உங்கள் மாடிக்கு வருவதாக இருந்தவர் அங்கே போய்விடலாம்.

அப்புறம், "வளர்ந்துவரும்" என்ற சொல்லே என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. 1930களில் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற கூட்டாட்சி அமைப்பு அமெரிக்க நகரங்களின் வரைபடங்களில், கறுப்பினத்தவரும் புலம்பெயர்ந்தவரும் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை என்று சிவப்பில் தீட்டி வைத்தது. அங்கே கடன் கிடைப்பது பல்லாண்டுகள் அரிதாக இருந்தது. இன்று வளர்ந்துவருவதாகச் சொல்லப்படும் பல பகுதிகள் அவைதான். நாம் வருவதற்கு முன்பே அங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், கோவில் கட்டியிருக்கிறார்கள். வீடு பார்க்கும்போது ஒரு சனிக்கிழமை காலையும் ஒரு செவ்வாய் இரவும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். இந்தத் தெரு இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே பத்து வருடம் இருந்தாலும் எனக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதம் இல்லை என்றால் எடிசனைப் பாருங்கள், அதில் தப்பே இல்லை.

பழைய வீட்டின் உள்ளே

ஹட்சன் கவுன்ட்டி டூ ஃபேமிலிகளில் நூறு வயதைத் தொட்டவை ஏராளம். சாதாரண இன்ஸ்பெக்‌ஷனோடு இரண்டு சோதனைகளை விடாதீர்கள். கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது ஒன்று, மண்ணுக்குள் பழைய எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்று தேடுவது இன்னொன்று. எண்ணெய் கசிந்திருந்தால் மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில். பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய மின்கம்பி சுவருக்குள் இருந்தால் இன்ஷூரன்ஸ் கிடைப்பதே கஷ்டம். 1978க்கு முன் கட்டிய வாடகை வீடுகளில் ஈயப் பெயின்ட் சோதனை நடத்த வேண்டும் என்று நியூ ஜெர்சியில் 2022 முதல் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் உங்கள் குழந்தைக்காகச் செய்யுங்கள். ஜன்னலின் மரச்சட்டகம் உரசி உதிரும் தூசியில்தான் ஈயம் இருக்கும், தவழும் குழந்தையின் கை நேரே வாய்க்குப் போகும்.

ஹீட்டிங் தனித்தனியா என்று பாருங்கள். ஒரே பாய்லர் என்றால் மாடியில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஹீட்டிங் போடுபவரின் கேஸ் பில்லும் உங்களுடையது. பெல்லையும் மீட்டரையும் எண்ணிவிட்டு, நகராட்சி ஆவணத்தில் அது எத்தனை குடும்ப வீடு என்று வக்கீல் வழியாக உறுதி செய்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகும் வக்கீல் பார்க்க மூன்று வேலை நாள் நியூ ஜெர்சியில் உண்டு, அதை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

எடிசன் பக்கத்து நியாயம்

எடிசனின் பலம் பள்ளிகள், அமைதி, கூப்பிடு தூரத்தில் நம் மக்கள். குழந்தை ஒன்றாம் வகுப்பை நெருங்கிவிட்டது, ஆபீசுக்கு வாரம் இரண்டு நாள்தான் போக வேண்டும் என்றால் அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை. ஆனால் தினமும் மன்ஹாட்டன் போக வேண்டுமென்றால் ரயில் சீசன் டிக்கெட், ஸ்டேஷன் பார்க்கிங், பெரும்பாலும் இரண்டாவது கார் எல்லாவற்றையும் 5,363இன் மேல் சேர்க்க வேண்டும்.

குழந்தைக்கு மூன்று வயது என்றால் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். பள்ளி நிதி பற்றிய ஆபட் வழக்கின் தீர்ப்புகளால், ஜெர்சி சிட்டி உட்பட மாநிலத்தின் ஏழ்மை மிகுந்த நகரங்களாக அடையாளம் காணப்பட்ட மாவட்டங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு முழுநாள் ப்ரீ-கே எனும் மழலையர் பள்ளி அரசுச் செலவில் கிடைக்கிறது. டேகேர் கட்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். உயர்நிலைப் பள்ளிக்கு மெக்நேர் அகாடமிக் இருக்கிறது, ஆனால் அங்கே இடம் போட்டிக்குரியது. கிடைத்துவிடும் என்று வைத்து வீடு வாங்க முடியாது.

வருமான வரியில் இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு. வாடகைக்கு விடும் பாதியின் கட்டட மதிப்பை 27.5 வருடத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம். கட்டடத்தில் அந்தப் பாதி 2.75 லட்சம் என்றால் வருடத்துக்கு 10,000 டாலர். நல்ல சலுகைதான். ஆனால் விற்கும்போது அந்தத் தேய்மானத்துக்கு 25 சதவீதம் வரை வரி திரும்ப வரும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 5 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை என்கிற விலக்கும் நீங்கள் குடியிருந்த பாதிக்கு மட்டும்தான். எடிசன் வீட்டில் முழு வீட்டுக்கும் அது கிடைக்கும்.

எச்-1பியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். வேலை போனால் வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ கையில் இருப்பது 60 நாள். தனி வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விட்டுப் போவது சுலபம். டூ ஃபேமிலியை விட்டுப் போனால் நீங்கள் அங்கே குடியிருப்பவர் இல்லை, அதோடு வெளியேற்றத் தடைச் சட்டத்திலிருந்து கிடைத்த விலக்கும் போய்விடும். வெளியூரிலிருந்து இரண்டு குடித்தனத்தைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும்.

சேர்ந்து இருப்பது

பணத்தைத் தாண்டி, தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் நடக்கும் சத்தத்தோடு வாழ எல்லோராலும் முடியாது. எங்களுக்கு முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. காலை ஐந்தரைக்கு மேலே நாற்காலி இழுபடும். பிறகு ஒரு நாள் நாற்காலிக் கால்களில் ஒட்டும் ஃபெல்ட் துண்டுகள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தோம். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, எங்கள் மிக்ஸி சத்தம் மேலே எப்படிக் கேட்கும் என்று கையால் காட்டினார். அன்றிலிருந்து இரவு ஒன்பதுக்கு மேல் மிக்ஸி கிடையாது.

குடித்தனம் வைக்கும்போது "தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்" என்று விளம்பரம் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உரிமையாளர் குடியிருக்கும் நான்கு குடும்பம் வரையான வீட்டுக்கு 1968 நியாயமான வீட்டுரிமைச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, ஆனால் விளம்பரத்தில் பாகுபாடு காட்ட அந்த விலக்கு உதவாது. இனத்தைப் பார்த்து மறுப்பதை 1866 சட்டமே தடுக்கிறது, அதில் விலக்கே இல்லை.

என்னிடம் கேட்டால், மன்ஹாட்டனில் வேலை, ஐந்து வயதுக்குள் குழந்தை, 1 லட்சத்துக்கு மேல் சேமிப்பு என்ற நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு ஜெர்சி சிட்டி டூ ஃபேமிலியைத்தான் சொல்வேன், த்ரீ ஃபேமிலியை இல்லை. அதுவும் இன்றைய வாடகையில் முக்கால் பங்கை மட்டும் கழித்தபின் மீதியைச் சம்பளத்திலிருந்து சிரமமில்லாமல் கட்ட முடிகிற வீட்டை மட்டும். எங்கள் கணக்குத் தாள் இன்னும் சமையலறை அலமாரியில் இருக்கிறது. மேலே பென்சிலில் 2,800 என்று எழுதி அடித்து, பக்கத்தில் 1,650 என்று எழுதியிருக்கிறோம். இப்போது அங்கே 1,790.